பத்து டிகிரி இடப்பக்கம்

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் ஃபிரிட்ஜ்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஃபிரிட்ஜோ ஏசியோ, கடைகளில் இருக்கும் குளிர்பெட்டியோ, எது மக்கர் பண்ணினாலும் அவருக்குத்தான் போன் வரும். கடலிலிருந்து முந்நூறு அடி தள்ளி வீடு. கீழே பட்டறை, மேலே குடித்தனம். இருபத்திரண்டு வருஷமாக அங்கேதான் வாசம். ஆனாலும் கடலைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: அது இரும்பைத் தின்னும். புத்தம்புதுசாக மாட்டிய ஏசியின் தகடுகளை மூன்றே வருஷத்தில் பொரபொரவென்று உதிர வைத்துவிடும். கதவுக் கீல், ஜன்னல் கொக்கி, சைக்கிள் செயின் எதையும் விட்டுவைக்காது. "இந்த உப்புக்காத்து மட்டும் இல்லேன்னா நான் எப்பவோ கடையைச் சாத்தியிருப்பேன்" என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். மற்றபடி கணுக்கால் நனைய நின்றதோடு சரி. நீச்சல் தெரியாது.

அவருடைய மனைவி பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். ஊருக்கே டீச்சர் என்பதால் நாளடைவில் வீட்டுக்காரருக்கும் டீச்சராகிவிட்டார். நாற்பத்தாறு வயதில் டீச்சருக்கு வலது தோள் இறுகிப்போய்விட்டது. கரும்பலகையில் மேல் வரி எழுத முடியாது, தலை வாரிக்கொள்ள முடியாது. டாக்டர் தோளுக்கு வேலை கொடுக்கச் சொன்னார். உடற்பயிற்சி டீச்சர் ஒருத்தி வாரக் கடைசியில் கயாக் என்கிற ஒற்றை ஆள் துடுப்புப் படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனாள். மூன்று மாதத்தில் தோள்வலி போய்விட்டது. கயாக் போகவில்லை.

ஐந்து மீட்டர் நீளம், இடுப்பு அகலம், எலுமிச்சை மஞ்சள் நிறம். பட்டறைச் சுவரில், பழைய கம்பரஸர்களுக்கு மேலே அது தொங்கியது. கூடவே ஒரு ரப்பர் பாவாடை. இடுப்பைச் சுற்றி மாட்டிக்கொண்டு அதன் விளிம்பைப் படகின் வாயில் இழுத்துப் பொருத்திவிட்டால் உள்ளே சொட்டுத் தண்ணீர் போகாதாம். முதல் நாள் டீச்சர் அதைப் போட்டுக்காட்டியபோது ஃபிரிட்ஜ்காரர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ பாதி சிந்திப்போனது.

"சிரிங்க, சிரிங்க. மத்த படகுல எல்லாம் ஏறி உக்காரணும். இதை உடுத்திக்கணும். இடுப்புக்குக் கீழே நான்தான் படகு" என்றார் டீச்சர்.

அதற்குப் பிறகு சாப்பாட்டு மேஜையில் கடல்தான் பேச்சு. ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்து பார்த்தால் அலை என்பது வேறு பொருளாம். கரையிலிருந்து பார்ப்பவனுக்கு அது வருகிறது, உடைகிறது, போகிறது. உள்ளே இருப்பவளுக்கோ அது அடியில் புகுந்து, தூக்கி, முதுகைத் தடவிவிட்டுப் போகிற மாதிரியாம். தூரத்தில் எங்கோ நேற்று அடித்த புயலின் மிச்சம், காற்றே இல்லாத காலையிலும் நெடுநெடுவென்று மெத்தை மாதிரி உருண்டு வருமாம். விடிந்ததும் டீச்சர் மாடிக்குப் போய் மேகத்தைப் பார்த்து, காற்றைக் கன்னத்தில் வாங்கி, ஒரு நோட்டில் எழுதுவார். சமையலறை நாள்காட்டிக்குப் பக்கத்தில் காற்றழுத்தமானி ஒன்று தொங்கியது. ஃபிரிட்ஜ்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், வாடிக்கையாளர் 'உள்ளே கடகடன்னு சத்தம் வருது' என்று விவரிக்கும்போது ஆட்டுவதுபோல. ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் கரைக்குப் போய் டீச்சர் கிளம்புவதைப் பார்த்ததில்லை. அந்த நேரத்தில்தான் கடைக்காரர்கள் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அவரைக் கூப்பிடுவார்கள்.

டீச்சரின் அண்ணன் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். சொந்தமாக மோட்டார் பொருத்திய ஃபைபர் படகும் உண்டு. ஃபிரிட்ஜ்காரருக்கு மச்சான் முறை. வாய் மட்டும் இரண்டு ஆளுக்கு இருக்கும். பட்டறைப் பக்கம் வந்தாலே, "என்ன மாப்பிள்ளை, தங்கச்சி பிளாஸ்டிக் தொட்டியில குளிக்கப் போயிருக்காளா?" என்பார்.

அந்தச் சனிக்கிழமை காலை ஆறரைக்கு டீச்சர் கிளம்பினார். கரையிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் தள்ளி ஒரு பாறை இருக்கிறது. கடற்பறவைகள் முட்டையிடும் இடம்.

"பாறையைச் சுத்திட்டு பத்து மணிக்குள்ள வந்துருவேங்க. மத்தியானத்துக்கு மேலதான் மூடுபனி வரும்னு வானிலைச் செய்தியில சொல்லியிருக்கான். என் கணக்கும் அதான்."

"சரி சரி" என்றார் அவர், பேக்கரிக்குக் கொண்டுபோக வேண்டிய மின்விசிறியைத் துடைத்துக்கொண்டே.

எட்டு மணிக்கு அவர் பேக்கரிக் குளிர்பெட்டியின் பின்னால் குப்புறப் படுத்திருந்தார். டார்ச் வாயில், ஸ்க்ரூடிரைவர் கையில். பேக்கரியம்மாவின் குரல் கேட்டது.

"என்னங்க இது? எதிர்த்த பக்கத்தைக் காணோம்?"

எழுந்து வந்து பார்த்தார். எதிர்ச்சாரி இல்லை. மருந்துக்கடை, தபால் பெட்டி, நிறுத்தியிருந்த வேன் எதுவும் இல்லை. வெள்ளை மட்டும் இருந்தது. அது நகர்ந்துகொண்டும் இருந்தது. தெரு முனைக்கு ஓடினார். படகுத்துறையின் தூண்கள் பன்னிரண்டு. அவர் பார்க்கும்போது நான்கு தெரிந்தன. பிறகு மூன்று. பிறகு ஒன்றுமில்லை. அலைச் சத்தம் மட்டும், பக்கத்து அறையில் யாரோ மூச்சு விடுவதுபோல.

போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டார். பதினோரு தடவை போட்டுக்கொண்டே வீட்டுக்கு ஓடி, மாடிப்படி ஏறினால், சமையலறையில் ஃபிரிட்ஜின் தலையில், சார்ஜர் மாட்டியபடி டீச்சரின் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. 'தவறிய அழைப்புகள் பதினொன்று' என்று காட்டியது. அத்தனையும் அவருடையதே.

கடலோரக் காவல் நிலையத்துக்குப் பேசினார். அங்கே இருந்த அதிகாரி பதறாத ஆள்.

"என்ன நிறப் படகு சார்?"

"மஞ்சள்."

"லைஃப் ஜாக்கெட்?"

"போட்டிருப்பா."

"திசைகாட்டி இருக்கா? விசில்? கையில ரேடியோ? எத்தனை வருஷமா ஓட்டுறாங்க?"

இருபத்திரண்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவளைப் பற்றி அந்நியன் ஒருவன் கேட்ட முதல் மூன்று கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. "ஆறு வருஷமா... இருக்கும்" என்றார்.

"ஆறு வருஷம்னா நிதானம் இருக்கும். பார்வை இருபது மீட்டர்கூட இல்ல சார். வேகமாப் போனா நாங்களே அவங்க மேல ஏத்திருவோம். மெதுவாத்தான் வருவோம். ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க, உங்க ஆளுங்க யாரும் கடல்ல இறங்கக் கூடாது."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் மச்சான் வந்துவிட்டார். விஷயம் தெருவெல்லாம் பரவியிருந்தது.

"அவனுங்க மெதுவா வந்து எதைப் பிடிக்கப் போறானுங்க? என் தங்கச்சிய்யா அங்க இருக்கா!"

"மச்சான், வேண்டாம்னு சொல்றாங்க..."

"எனக்கா? இந்தக் கடல் எனக்கு உள்ளங்கை மாதிரி, மாப்பிள்ளை."

மோட்டார் உறுமியது. படகு வெள்ளைக்குள் போனது. போனை அணைக்காமல் காதில் வைத்தபடியே மச்சான் பேசிக்கொண்டு போனார். முதல் ஐந்து நிமிஷம் தைரியமாக இருந்தது பேச்சு. அப்புறம், "ஒண்ணும் தெரியல மாப்பிள்ளை... கரை எந்தப் பக்கம்? நீ கொஞ்சம் கத்து பார்ப்போம்" என்றார். அடுத்து, "ஐயையோ" என்று ஒரு சத்தம், ஒரு 'தொபுக்', அதோடு சரி. போன் தண்ணீருக்குள் போய்விட்டது என்று பிற்பாடுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் ஃபிரிட்ஜ்காரருக்குத் தெரிந்ததெல்லாம், ஒருத்தரைக் காணோம் என்று தேடப்போய் இப்போது இரண்டு பேரைக் காணோம் என்பதுதான்.

சும்மா நிற்க முடியவில்லை. பட்டறைக்கு ஓடிக் காலி கேஸ் சிலிண்டர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். படகுத்துறைக்குக் கீழே மணலில் அதை நிறுத்திப் பெரிய பைப் ரெஞ்சால் அடிக்க ஆரம்பித்தார். டங்... டங்... டங்... பேக்கரியம்மா தட்டும் கரண்டியுமாக வந்தார். யாரோ வேன் ஹாரனை அழுத்தினார்கள். இன்னொருவர் தகர டப்பாவோடு வந்தார். எல்லோருடைய சத்தமும் முன்னும் பின்னுமாகக் கலந்தது; அவர் மட்டும் ஒரே சீராக அடித்தார். பழைய கம்பரஸர் ஓடுகிற நிதானம். அடிக்கிற கை நின்றால் ஏதோ ஆகிவிடும் என்று மனசுக்குள் ஒரு பயம். ஒன்பதானது. ஒன்பதரையானது. உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்தது. கையை மாற்றி அடித்தார். நேற்று ராத்திரி டீச்சர் ஏதோ காற்று திரும்புவதைப் பற்றிச் சொன்னபோது தான் டிவி ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

பத்து மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும். எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரலோ வலதுபுறம், மணல் பக்கமிருந்து வந்தது.

"ஏங்க, அந்த சிலிண்டரைக் கொஞ்சம் நிறுத்துங்க. காது போகுது."

வெள்ளைக்குள்ளிருந்து முதலில் ஒரு மஞ்சள் மூக்கு வந்தது. அப்புறம் ரப்பர் பாவாடையோடு டீச்சர், இடுப்பளவு தண்ணீரில் நடந்தபடி, கயாக்கை நாய்க்குட்டி மாதிரி இழுத்துக்கொண்டு. அதன் வாலில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் ஃபைபர் படகு. படகுக்குள் மச்சான், தலை முதல் கால்வரை நனைந்து, ஒற்றைத் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, திட்டு வாங்கிய மாணவனைப் போல உட்கார்ந்திருந்தார்.

ஃபிரிட்ஜ்காரர் ரெஞ்சைக் கீழே போட்டார். ஓடினார். ஷூ, பேண்ட், பையிலிருந்த வால்வுகள் எல்லாம் நனைய இடுப்பளவு தண்ணீருக்குள் போய் நின்ற பிறகுதான் தனக்கு நீச்சல் தெரியாது என்பதே நினைவு வந்தது. "போனை மறந்துட்டுப் போயிட்டியே" என்றார்.

"ஆமாங்க. பெரிய தப்பு. பனி விஷயத்துலயும் என் கணக்கு நாலு மணி நேரம் தப்பு" என்றார் டீச்சர். உதடு வெளுத்திருந்தது. ஆனால் குரல் வகுப்பறைக் குரல்.

காவல் நிலையத்துக்குத் தகவல் சொன்னார்கள். அதிகாரி மச்சானிடம் பேச வேண்டும் என்றார். மச்சான் போனை வாங்கி ஐந்து நிமிஷம், "ஆமா சார்... இல்ல சார்... இனிமே இல்ல சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பிக்கொடுத்தார். அவர் அத்தனை சுருக்கமாகப் பேசி அந்தத் தெரு பார்த்ததே இல்லை.

"எப்படி டீச்சர் வந்தீங்க? எங்க சத்தத்தைக் கேட்டா?" என்று ஆவலோடு கேட்டார் பேக்கரியம்மா.

டீச்சர் துடுப்பின் நுனியால் ஈர மணலில் ஒரு கோடு போட்டார். "இது கரை. இங்க படகுத்துறை. கடல்ல இருந்து பார்த்தா அதுக்கு வலப்பக்கம் பூரா பாறை, அங்க போய் முட்டினா படகும் இல்ல, நானும் இல்ல. இடப்பக்கம் ஒரு கிலோமீட்டர் வெறும் மணல். நான் இங்க, பறவைப் பாறைகிட்ட. நேரா படகுத்துறையைக் குறி வெச்சா என்ன ஆகும்?"

டீச்சர் யாராவது சொல்லட்டும் என்று சற்றுக் காத்திருந்தார், பழக்க தோஷம்.

"நீரோட்டம் கொஞ்சம் தள்ளும், கை கொஞ்சம் தவறும். கரையைத் தொடும்போது துறை கண்ணுல படாது. அப்ப நான் துறைக்கு இந்தப் பக்கம் இருக்கேனா, அந்தப் பக்கம் இருக்கேனா? தெரியாது. அதனால திசைகாட்டியை வெச்சு, வேணும்னே பத்து டிகிரி இடப்பக்கம் தப்பினேன். இப்போ கரை தட்டுச்சுன்னா சந்தேகமே இல்ல, துறை வலப்பக்கம்தான். திரும்பி நடந்தா வந்துரும்."

கூட்டத்தில் ஒருவர், "அடேயப்பா" என்றார்.

"பாதி வழியில பார்த்தா ஒரு மோட்டார் சத்தம், வட்டம் போட்டுக்கிட்டே இருக்கு. யாருன்னு எனக்குத் தெரியாதா? விசில் ஊதுறேன், காதுல விழல. அந்த மோட்டார் ஓடிட்டிருந்தா எது காதுல விழும்? அப்புறம் கத்தினேன்."

"என்னன்னு கத்தினீங்க?"

பதிலை மச்சான் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "'அந்த மோட்டாரை இப்போ அணைக்கிறியா இல்லையா'ன்னா. நான் ஒண்ணாங்கிளாஸ் படிச்சப்பகூட அப்படி நடுங்கினதில்ல."

"மறுபடி மோட்டாரைப் போட்டா என் மேலயே ஏத்திருவார்னு கயிறு கட்டினேன். அவரைப் போய்ப் பிடிச்சதுல வலப்பக்கம் வந்துட்டேன். நேரத்தைப் பார்த்து மறுபடி கணக்குப் போட்டு பத்தை இருபத்தஞ்சு ஆக்கினேன். அவ்வளவுதான்" என்று டீச்சர் கோட்டை முடித்தார். கயாக்கின் மேல்பலகையில் மெழுகுப் பென்சிலால் எழுதிய எண்கள் இருந்தன. 8.22. 8.40. 8.43. ஒரு அடித்தல். பக்கத்தில் 25. உப்புத் தண்ணீர் வழிகிற படகின் மேல், இருபது மீட்டர் தெரியாத கடலில், அந்த எண்கள் வரி கோணாமல் இருந்தன. ஃபிரிட்ஜ்காரர் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். சின்ன வயதில் அவர் கணக்கில் ஃபெயில். கணக்கு என்றால் கரும்பலகையில் இருப்பது, பரீட்சை முடிந்ததும் அழிப்பது என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் வெந்நீரில் குளித்துவிட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு ஆறு துண்டு ரொட்டியும் இரண்டு ஆம்லெட்டும் சாப்பிட்டார். அதற்கப்புறம் டீ கோப்பையைத் தூக்கக் கை வரவில்லை. ஃபிரிட்ஜ்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டார்.

"பயமா இருந்துச்சா?"

"பாறையை விட்டுக் கிளம்பின முதல் பத்து நிமிஷம். உள்ளுக்குள்ள ஒரு குரல் சொல்லும், திசைகாட்டி தப்பு, நீ நடுக்கடலுக்குப் போறேன்னு. சத்தியமா அப்படித்தான் தோணும். வெள்ளையில மேலே கீழேகூடத் தெரியாது. அந்தக் குரலைக் கேக்கவே கூடாது. முள்ளைப் பாரு, துடுப்பைப் போடு, முள்ளைப் பாரு, துடுப்பைப் போடு." ஒரு வாய் குடித்தார். "ஆனா என்ன அழகு தெரியுமா! ஒரு பறவை, கைக்கெட்டுற தூரத்துல தண்ணியில உக்காந்திருந்துச்சு. அதுக்கும் வழி தெரியல போல. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். துடுப்புல இருந்து சொட்டுற தண்ணி ஒவ்வொண்ணும் தனித்தனியா கேக்குது. அவ்வளவு பெரிய கடல், ஒரு ரூம் அளவுக்குச் சின்னதாகி என்கூடவே வந்துச்சு."

அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நான் அடிச்சது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. நாலா பக்கத்துல இருந்தும் கேட்டுச்சு. பனியில சத்தம் அப்படித்தான், ஏமாத்தும். அதை நம்பித் திரும்பக் கூடாது."

அவர் முகம் தொங்கிப்போனது. கொப்புளம் உடைந்த கையை மெல்ல மடக்கிக்கொண்டார். டீச்சர் அதைப் பார்த்துவிட்டார். கையை இழுத்து விரித்துப் பார்த்தார்.

"வழிக்குத்தான் உதவாதுன்னேன். அண்ணனைக் கட்டி இழுத்தேன் பாருங்க, அந்தக் கடைசி முக்கால் மணி நேரம்... தோள் கழண்டு விழுற மாதிரி இருந்துச்சு. நின்னுடலாம்னு தோணுச்சு. மத்த சத்தமெல்லாம் தாறுமாறா வந்துச்சு. ஒண்ணு மட்டும் டங், டங்னு மாறாம வந்துச்சு. இப்படி ஒரே மாதிரி அடிக்க இந்த ஊர்ல ஒரே ஆள்தான்னு தெரியும். அதுக்குத் தகுந்த மாதிரி துடுப்புப் போட்டேன். ஒரு அடிக்கு இடது, ஒரு அடிக்கு வலது. நீங்க நிறுத்தவே இல்ல. அதனால நானும் நிறுத்தல."

ஃபிரிட்ஜ்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து, கயாக்கை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்று சொல்லிக் கீழே இறங்கிப் போய்விட்டார். எண்கள் எழுதியிருந்த இடத்தை மட்டும் கழுவவில்லை.

அடுத்த வாரத்துக்குள் தண்ணீர் புகாத கைரேடியோ ஒன்று வீட்டுக்கு வந்தது. மச்சான்தான் வாங்கிவந்தார், தனக்கும் சேர்த்து இரண்டு. தொட்டி என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து அப்புறம் வரவில்லை. கயாக் என்று சுத்தமாக உச்சரித்தார்.

சனிக்கிழமை டீச்சர் மறுபடி கிளம்பினார். போக வேண்டாம் என்று ஃபிரிட்ஜ்காரர் சொல்லவில்லை. சொல்ல நினைத்தது உண்மை. ராத்திரி முழுக்க அந்த வாக்கியத்தை மனசுக்குள் எழுதி எழுதி அடித்தார். விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கயாக்கின் பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார். இருவருமாக அதை மணலுக்குக் கொண்டுபோனார்கள்.

அன்று வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. கரையில் அலை இடுப்பளவு உயர்ந்து உடைந்தது. டீச்சர் உள்ளே உட்கார்ந்து ரப்பர் பாவாடையை விளிம்பில் பொருத்தி, முன்முனை நேராகக் கடலைப் பார்க்க, அசையாமல் இருந்தார். ஓர் அலை போனது. இன்னொன்று. போகலாமே, ஏன் போகவில்லை என்று ஃபிரிட்ஜ்காரருக்குப் புரியவில்லை. டீச்சரின் உதடு அசைவதைப் பார்த்தார். எண்ணுகிறாள்! மூன்று பெரிய அலைகள் வரிசையாக வந்து இரைந்து உடைந்தன. மூன்றாவது உடைந்த நுரை காலடிக்கு வந்தபோது டீச்சர் இரண்டு கையாலும் மணலைத் தள்ளினார். துடுப்பு இறங்கியது. அலைகளுக்கு நடுவே திறந்த ஓர் அமைதியான சந்துக்குள் மஞ்சள் படகு வழுக்கிக்கொண்டு போனது. கடைசியில் ஒன்று எழும்பியது. டீச்சர் அதை நெஞ்சால் வாங்கினார். படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது. ஒரு கணம் தண்ணீர் அவரை முழுக்க மூடியது. மறுபக்கம் வெளியே வந்தபோது டீச்சர் தலையை உதறியதில் வெயில் பட்டுத் தண்ணீர் சிதறியது. திரும்பிப் பார்க்காமல் துடுப்பை மட்டும் ஒரு முறை உயர்த்திக் காட்டினார்.

ஆறு வருஷமாக ஒவ்வொரு வாரமும் இது நடந்திருக்கிறது, நான் ஒரு வால்வை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று நினைத்தார் அவர்.

பாக்கெட்டில் போன் அடித்தது. மருந்துக்கடைக்காரர். குளிர்பெட்டி சில்லிடவில்லையாம், உடனே வர வேண்டுமாம்.

"வர்றேன், ஒரு அரை மணி நேரம் ஆகும்" என்றார் ஃபிரிட்ஜ்காரர். "மருந்தையெல்லாம் எடுத்து பேக்கரி பெட்டியில வைங்க, நான் சொன்னேன்னு சொல்லுங்க. என் சம்சாரம் கடல்ல போய்க்கிட்டிருக்கா. பார்த்துக்கிட்டிருக்கேன்."